சில்லுக்கு வைத்த கல்

1

இந்தக் கதை ஆணி வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. பெரிய தவம் ஒன்றும் நான் செய்யவில்லை. அதனால் இதைக் கலை, கற்பனை என்று யாரும் தூக்கிவைக்க வேண்டாம்.

மஸ்கெலியா பஜாரில் ராசிக்கின் ஹாட்வெயார் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால், தார்ப்பாய்ப் படங்கால் பாதி மூடிய ஒரு பச்சை ஜீப் மாதக்கணக்காக நின்றது. பெரிய ஜீப்புமில்லை, சின்ன ஜீப்புமில்லை, நடுத்தரம். பின்கதவில் கோணலாக ஒரு நீளக் கீறல். முன்சில்லு உருளாதபடி அடையாக ஒரு கருங்கல். என்ன கம்பெனி என்று சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனிக்காரனே இதைச் செய்வதை நிறுத்தி, இப்படி ஒன்றைச் செய்தோம் என்பதையும் மறந்திருப்பான்.

போன வியாழக்கிழமை, பாடசாலை விட்டு வரும் வழியில் நான் ஆணிக்காக நின்றபோது, ஒரு மனிதர் அந்த ஜீப்பைப் பார்க்க வந்திருந்தார். தலையில் துவாய், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று பார்த்ததும் தெரிந்தது. பின்கதவைத் திறந்தார். ரப்பர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே ஏறினார். ஏறியவர் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

"மொதலாளி, எனக்கு கால மடிக்கத்தான் வேண்டியிருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆனா எங்க வீட்டு ஆளு என் நெஞ்சு ஒசரந்தான். அவளுக்குப் பத்தும்."

ராசிக் பொய் சொல்லவில்லை. அதை இப்போதே எழுதிவைக்கிறேன். "இத கம்பெனி செய்யிறத நிப்பாட்டி கனகாலம். சாமான் இல்ல. கொழும்புல பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையிலயும் தேடிட்டேன். சின்ன ரப்பர் ஒண்டு போனாலும் வண்டிய மூடி வைக்கத்தான் ஈக்கி. பொறகு என்னய ஏசக் கூடா," என்றார்.

அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏறுமாங்க?"

"ஏறும். நாலு சில்லுலயும் இழுக்கும்."

அவர் இறங்கி, டயரைப் பார்க்கக் குனிந்து கல்லில் கைவைத்தார். ராசிக் பதறிப்போய், "கல்ல எடுக்காதீங்க, கல்ல எடுக்காதீங்க!" என்று ஓடினார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆணியை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

அன்றிரவே இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'மலைகளுக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை–'

சீ. இங்கே பனி இறங்காத மாலை எது?

இரண்டாவது: 'கந்தப்பனுக்கு வாழ்நாளில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது–'

இதுவும் பொய். அவருக்கு இருந்தது ஆசை இல்லை, பயம். (கந்தப்பன் என்பது நான் வைத்த பெயர். அவருடைய உண்மைப் பெயரை நான் கேட்கவில்லை. மனைவிக்கு செவனம்மா என்று வைத்தேன். அவரை நான் பார்த்ததேயில்லை.)

பயம் என்னவென்று, அன்று நான் ஆணி எண்ணிக்கொண்டிருக்கும்போது அவரே ராசிக்கிடம் சொன்னார். அதில் நான் கை வைக்கவில்லை:

"அவளுக்கு மூச்சு அடைக்குதுங்க. நாங்க இருக்கிறது மலை மேல, மேல் லயத்து வரிசை வீட்டுல. மழைன்னா ஆட்டோக்காரன் பாதியிலயே எறக்கிவிட்டுட்டுப் போயிருவான். தேயிலைக் கொழுந்து லொறின்னா தோட்டத்து தொரைகிட்ட அனுமதித் துண்டு வாங்கணும். போன தடவ துண்டு வாங்கி, கொழுந்து நிறுத்து, ஏத்தி முடியிற வரைக்கும் அவளத் தூக்கி வச்சிக்கிட்டு நின்னோம். மூஞ்சி நீலமாப் போச்சு. கொழுந்து சாக்கு மேல போட்டுத்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். இன்னொரு தடவ இப்படி லேட்டா கொண்டாந்தா பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் வேலைய விட்டதுக்கு சேமலாபக் காசு வந்ததும் நேரா இங்க வந்தேன்."

கதைக்கு வேண்டியது அவ்வளவும் இதில் இருக்கிறது. இன்னொரு தடவை மூச்சு அடைத்தால் செவனம்மாவை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஜீப். ஞாயிற்றுக்கிழமை தம்பி மகனோடு வந்து ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

3

பழைய வண்டி வாங்குவது எப்படி என்று இங்கே ஒரு பந்தி எழுதியிருந்தேன். இஞ்சின் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். வண்டித் தரைப் பாயை உரித்து அடியில் துரு பார்க்க வேண்டும். புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா என்று கவனிக்க வேண்டும். கம்பெனி கைவிட்ட வண்டி என்றால் விலை மலிவாகக் கிடைக்கும். ஆனால் உடைகிற ஒவ்வொரு சாமானும் உலகத்தில் கடைசிச் சாமான்.

நல்ல பந்திதான். ஆனால் கந்தப்பன் இவை எதையும் செய்யவில்லையே! படுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். முன்சீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி என்றால் அவருக்கு முதுகு வைக்கிற இடம்.

முதல் பிரதியில் ராசிக்கை ஏமாற்றுக்காரராக்கினேன். கதை நன்றாக ஓடியது. முதலாளி சிரித்துக்கொண்டே ஓட்டை வண்டியை ஏழையின் தலையில் கட்டுகிறார். வாசகர் பல்லைக் கடிக்கிறார். பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ராசிக் எல்லாவற்றையும் வாயால் சொன்னாரே! வில்லன் தேவை என்பதற்காக உள்ளதைச் சொன்னவரின் தலையில் பழியைப் போடலாமா? அதோடு, அவர் கடையில் எனக்கு இன்னும் கூரைத் தகடு வாங்க வேண்டியிருக்கிறது.

4

சனிக்கிழமை நான் எழுதிய பகுதி இது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தம்பி மகனுக்கு ஆண்டியப்பன் என்று பெயர் வைத்தேன். ஹட்டனில் லொறி ஓட்டுகிறவன். ராசிக்கிடம் கேட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே வருகிறான். தொழிற்சாலையைத் தாண்டி, காளியம்மன் கோயில் வளைவைத் தாண்டி, மேல் லயத்து மேட்டை மிதிக்கிறான். மழையில் அரித்த ரோட்டு. நடுவில் முழங்கால் பள்ளம். லயத்து ஆட்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏறாது பாரு," என்கிறார் சோலைமலை. பக்கத்து வீட்டுக்காரர், எதுவும் நடக்காது என்று சொல்வதையே வேலையாக வைத்திருப்பவர்.

"வாய மூடுய்யா! அந்தா ஏறுதுல்ல!"

ஜீப் உறுமியது, சறுக்கியது, மறுபடி பிடித்தது. ஒரே மூச்சில் மேலே வந்து நின்றது. பெண்கள் குரவையிட்டார்கள். கந்தப்பன் எலுமிச்சம்பழம் வைக்க ஓடினார். செவனம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"என்னத்துக்குங்க இவ்வளவு பெருசா?" என்றார். "நான் என்ன தொரைசாணியா?"

"பேசாத, மூச்சு வாங்கும்," என்றார் கந்தப்பன்.

ஆண்டியப்பன் இறங்கி, சில்லுக்கு ஒரு கல்லை வைத்தான். எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

எழுதி முடித்தபோது என் கண்ணும் கலங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

5

என் கதைகளை முதலில் வாசிப்பவர் என் மனைவி குணபூசணி. யாழ்ப்பாணத்துக்காரி, நான் படிப்பிக்கும் பாடசாலையில் கணக்கு டீச்சர். பாராட்டினால் வாய் சுட்டுவிடும் என்று நினைப்பவள். ஞாயிறு காலை வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. மேல ஏத்திப் பாத்தவை. சரி. வருத்தக்காரிய எங்க கொண்டு போகப் போகினம்?"

"டிக்கோயாவுக்கு."

"அது கீழயெல்லோ கிடக்கு?"

"அதுக்கென்ன?"

"இறக்கிப் பாத்தவையோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க ஊருல ஏத்தம்னா வாய்க்கால் பாலம் மட்டுந்தான். ஏத்தம் எறக்கம் பத்தி நீ எனக்குப் படிப்பிக்கிறியா?" என்றேன்.

"நான் படிப்பிக்கேல்ல. கேட்டனான்," என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

நான் பிரதியைப் புரட்டினேன். ஏறினார்கள், நின்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். இறங்கியதை நான் எழுதவேயில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவுமில்லை. லயத்தில் பிறந்தவன் நான். எங்களுக்கு எப்போதும் ஏற்றம்தான் எதிரி. கூடையோடு ஏறுவது, விறகோடு ஏறுவது, அரிசி மூட்டையோடு ஏறுவது. இறக்கத்தை யார் நினைத்தார்கள்? கால் தானாகப் போகும். வண்டி வந்தால் நாங்கள் கேட்பது ஏறுமா என்றுதான். ஆனால் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டியும் மேலே போகப் போவதில்லை. அது கீழேதான் போகவேண்டும். அந்தப் பள்ளம், அந்தக் கோயில் வளைவு, மழை, பின்னால் மூச்சுக்குத் தவிக்கும் ஒருத்தி.

அப்போதுதான் ராசிக் ஓடியது நினைவுக்கு வந்தது. பிரேக் நன்றாகப் பிடிக்கும் வண்டி என்றால், கல்லை எடுக்க ஏன் அப்படிப் பதற வேண்டும்? கல்ல எடுக்காதீங்க.

6

ஞாயிறு முழுவதும் முடிவு எழுதினேன். அடுத்த அறையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது போல ஒரு பதற்றம் இருந்தது. ஆனாலும் எழுதுகிற மேசையை விட்டு நான் எழும்பவில்லை.

அ. ஆண்டியப்பன் முதல் கியரைவிட்டு மாற்றாமல் ஊர்ந்து ஊர்ந்து இறக்குகிறான். டிக்கோயா வந்துவிடுகிறது. செவனம்மா பிழைக்கிறார். அதன் பிறகு லயத்தில் யாருக்கு நோவு வந்தாலும் அந்த ஜீப்தான். (இனிக்கிறது. கிழித்துவிட்டேன்.)

ஆ. கந்தப்பனுக்குப் பிரேக் விஷயம் புரிந்துவிடுகிறது. மாற்றச் சாமான் இல்லை. ஜீப் வேண்டாம் என்று விடுகிறார். மழைக்காலத்தில் மறுபடி மூச்சு அடைக்கிறது. தொரை ஹட்டனுக்குப் போயிருக்கிறார். துண்டு கொடுக்க ஆள் இல்லை. (இதை வாசித்த குணபூசணி, "அந்த மனிசியச் சாக்கொண்டனீங்களெண்டால் நான் உங்களோட கதைக்கமாட்டன்," என்றாள். கண் சிவந்திருந்தது.)

இ. 'காளியம்மன் கோயில் வளைவில் ஆண்டியப்பன் பிரேக்கை மிதித்தான். அது–'

இந்த வரியை அழிக்கவுமில்லை, முடிக்கவுமில்லை. அப்படியே கிடக்கிறது.

7

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் ராசிக்கின் கடைக்கு ஓடினேன். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல வேண்டும், இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று. கடைக்குப் பின்னால் ஜீப் இல்லை. அது நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடந்தது. படங்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கல் மட்டும் அங்கேயே இருந்தது.

"நேத்து எடுத்துட்டாங்க சேர்," என்றார் ராசிக்.

"ஓட்டிப் பார்த்தாங்களா?"

"பின்னுக்கு ஈக்கிற மேட்டுல ஏத்திப் பாத்தாங்க. ஜம்முண்டு ஏறிச்சு. அவர் அழுதுட்டார் சேர். உச்சியில வச்சே காசத் தந்தார். அப்படியே மேல ரோட்டால போயிட்டாங்க. நான்தான் நடந்து இறங்கி வந்தேன்."

"பிரேக் பத்திச் சொன்னீங்களா?"

"சொல்லாம? ஆழமா மிதிக்கணும், அந்த ரப்பர் எங்கயும் எடுக்க ஏலா எண்டு தெளிவாச் சொன்னேன். ட்ரைவர் தலையாட்டினான். 'இந்த மேட்டுல ஏறுதுல்ல, பிறகென்ன' எண்டான்."

"எந்தத் தோட்டம்? பேர் என்ன?"

"கேட்க இல்ல சேர். பேப்பர் ஓப்பன்ல குடுத்தேன். நான் கையெழுத்து மட்டுந்தான் வச்சேன். வாங்கினவர் பேர் போடுற இடம் வெறுமை." ராசிக்கின் முகம் வாடியிருந்தது. அங்கே கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்தக் கல்லையும் ஏத்திட்டுப் போங்க எண்டேன். எங்க தோட்டத்துல கல்லுக்கா பஞ்சம் எண்டு சிரிச்சார்."

8

முடிவு என் கையைவிட்டுப் போய்விட்டது. கந்தப்பனின் ஜீப்பை எப்படி வேண்டுமானாலும் நான் இறக்கலாம். முதல் கியரில் இறக்கலாம், தேவர்களை வைத்துத் தூக்கியும் இறக்கலாம். ஆனால் அந்த மனிதருடைய ஜீப் என் தாளில் இல்லை. இந்த மலைகளில் எங்கேயோ ஒரு மேல் லயத்து வாசலில், சில்லுக்கு ஒரு கல்லோடு நிற்கிறது. பின்பக்கத்தில் கம்பளி விரித்திருப்பார்கள். மே மாதம் பிறந்துவிட்டது. இந்த 2003ஆம் ஆண்டு மழை முந்தித் தொடங்கும் என்கிறார்கள். மழை தொடங்கினால் அந்த அம்மாளுக்கு மூச்சு அடைக்கும்.

ஆகவே இது கதை இல்லை, கெஞ்சல். நீங்கள் மஸ்கெலியாப் பக்கமோ, டிக்கோயாப் பக்கமோ, கந்தப்பளையிலோ இருக்கலாம். உங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு பழைய பச்சை ஜீப் வந்திருந்தால், பின்கதவில் கோணலாகக் கீறல் இருந்தால், தயவுசெய்து இந்தத் தாளை இப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போங்கள். யாரையும் பின்னால் படுக்கவைக்காமல், முதல் கியரில், ஒரு தடவை கீழே இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லை எடுப்பதற்கு முன் சொல்லுங்கள்.

கந்தப்பன் என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அது நான் வைத்த பெயர். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.