மன்னிக்கப்பட்ட பற்றிக்

மன்னிப்பு ஒன்றுதான் மனிதனைத் தரையிலிருந்து தூக்கிக் கடவுளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படித் தூக்கி நிறுத்தப்படுகிறவர் மன்னிப்பவர். மன்னிக்கப்படுகிறவர் எங்கே போய் நிற்பார் என்று எந்தப் பிரசங்கத்திலும் சொல்வதில்லை. பற்றிக், திருகோணமலைத் துறைமுகக் கரையில், ஆள் வராத தன் பட்டறை வாசலில் போய் நின்றார்.

பற்றிக் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். அவருக்கும் மனைவி சீலாவுக்கும் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு டினேஷும் றொஷானியும் தங்கள் மகளுக்கு ஞானத்தந்தையாக நிற்கும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு திருமுழுக்கு. சீலா பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கி, மடிப்புக் கலையாமல் அலுமாரியில் வைத்து, ஒரு நாளைக்குப் பலமுறை அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்ததும், பாஸ்கா பெருநாளுக்கு முதல் ஒவ்வொருவரும் யாராவது ஒருவருடன் சமாதானமாக வேண்டும் என்று பாதர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இன்னாசி சோமசேகரம் எழுந்து மைக்குக்குப் போய்விட்டார். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், பங்குச் சபை உபதலைவர். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் இனிப் பேசக் கிடைக்காத குறையைக் கோயிலில் தீர்த்துக்கொள்கிறவர்.

"சகோதரர் பற்றிக் எனக்குச் செய்ததை, கடவுளுக்கும் இந்தச் சமூகத்துக்கும் முன்னால நான் முழு மனதோட மன்னிக்கிறன்," என்றார். "அது என்னெண்டு ஒருவரும் என்னட்டைக் கேக்க வேண்டாம். சாகும்வரைக்கும் சொல்லமாட்டன்."

பிறகு இறங்கி வந்து பற்றிக்கைக் கட்டிப்பிடித்தார். சனம் கைதட்டியது. முன்வாங்கில் இரண்டு பேர் கண் துடைத்தார்கள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று பற்றிக்கும் தட்டினார். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான், தான் எதற்காக மன்னிக்கப்பட்டோம் என்று தனக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

அடுத்த நாளே சோமசேகரத்தைச் சந்தியில் மறித்துக் கேட்டார். "சேர், நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"மறந்திட்டன், தம்பி. மன்னிக்கிறதெண்டால் மறக்கிறதுதான். நீர் என்னை நினைக்கச் சொல்லுறீர். அது எனக்குப் பாவம்."

கேட்க வேண்டாம் என்று சொல்லப்பட்டதால் ஊர் கேட்கத் தொடங்கியது. சோமசேகரத்தைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டது. புது எஞ்சின் சாமானை எடுத்துக்கொண்டு பழையதைப் பூட்டினவராம் என்றது ஒரு கதை. சோமசேகரத்திடம் எஞ்சினும் இல்லை, வள்ளமும் இல்லை என்று யாரோ ஞாபகப்படுத்தியதும், அப்படியென்றால் இன்னும் பெரிதாக ஏதோ இருக்கவேண்டும் என்று கதை வளர்ந்தது. சின்ன விஷயத்துக்கு ஓர் அதிபர் பீடத்துக்கு முன்னால் போய் நின்று மன்னிப்பாரோ என்று நியாயம் கேட்டார்கள். ஞாயிறு பூசையில் பற்றிக் இருந்த வாங்கில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் தாராளமாக இருந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் அவரைப் பார்த்து, வழமையை விட அதிகமாகக் குனிந்து கும்பிட்டார்கள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

விழுந்துபோன சகோதரனைத் தேடிப் போவது விசுவாசிகளின் கடமை அல்லவா. அயல் வீட்டுச் செபக் குழுவான அன்பியத்தார் ஒரு பின்னேரம் கூட்டமாக அவர் வீட்டுக்கு வந்தார்கள். கதிரை போதாமல் பக்கத்து வீட்டிலும் வாங்கிப் போட வேண்டியிருந்தது. மனந்திரும்புதலைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி, தேத்தண்ணி குடித்து, சீலா பெருநாளுக்கென்று வைத்திருந்த கேக்கை முடித்து, குசினிவரை எட்டிப் பார்த்தும், பாவத்துக்கு அடையாளமாக ஒன்றும் அகப்படாமல் போனார்கள்.

பட்டறைக்கு வந்துகொண்டிருந்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் வள்ளக்காரர் மஹ்ரூப் மட்டும்தான். அவருடைய எஞ்சினுக்கு மதம் கிடையாது. பற்றிக் அவரிடம் மனதைக் கொட்டினார். பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். என்ன பாவம் என்று பாதர் கேட்டாராம். தெரியாது, சோமசேகரம் சேருக்குச் செய்தது என்று இவர் சொன்னாராம். தெரியாத பாவத்துக்குத் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது, என்றாலும் காவலுக்கு ஒரு செபமாலை சொல்லும்படி பாதர் அனுப்பிவிட்டாராம்.

மஹ்ரூப் எண்ணெய்க் கையைத் துடைத்தார். "உங்கட ஆக்கள் மன்னிச்சாலே இவ்வளவு சேதம், பற்றிக். கோவிச்சா என்ன செய்வாங்க?"

"கோவிச்சிருந்தால் நல்லம், நானா. கோவத்துக்கு ஒரு காரணம் சொல்லவேணும்."

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை டினேஷ் வந்தான். கதிரையில் இருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி, றொஷானியின் வீட்டாக்கள் ஒரு கதை கதைக்கினம் என்று தொடங்கினான். ஞானத்தந்தை என்றால் பிள்ளைக்கு நல்ல வழி காட்ட வேண்டியவராம். விஷயம் தெளிந்த பிறகு அடுத்த பிள்ளைக்குப் பார்க்கலாமாம். வேறு ஆள் இல்லாவிட்டால் சோமசேகரம் சேர் தானே நிற்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாராம்.

சீலா அலுமாரியிலிருந்து சட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இதைச் சேரைக் கொண்டு பிள்ளைக்குப் போடுவியுங்கோ," என்றாள்.

டினேஷ் நல்ல பிள்ளை. சட்டையைத் தொடவில்லை. "அண்ணே, வாங்கோ. பாதரையும் கூட்டிக்கொண்டு சேரின்ட வீட்டை போவம். அவர் வாயால ஒரு சொல்லு வந்தால் எனக்குக் காணும்."

அன்று பின்னேரமே மூன்று பேரும் சோமசேகரத்தின் விறாந்தையில் இருந்தார்கள். அவர் அவர்களை வரவேற்ற விதத்தைப் பார்த்தால், மன்னிப்புக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தது தெரிந்தது. அவருடைய மனைவி புஷ்பவதி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். பாதர் மெல்லத் தொடங்கினார். குற்றம் இன்னதென்று தெரியாமல் மனிதன் எப்படித் திருந்துவது என்று கேட்டார். ஆறின புண்ணைக் கிளற வேண்டாம் என்று சோமசேகரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சேர், நீங்கள் சொல்லாட்டி நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்," என்றான் டினேஷ்.

"அதுக்கு நான் இருக்கிறன்தானே."

புஷ்பவதி தட்டத்தைக் கீழே வைத்தாள். "மறந்திட்டாராம். ஆவணியிலயிருந்து விடிஞ்சால் பொழுதுபட்டால் எனக்கு உந்தக் கதைதான். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

சோமசேகரம் கண்ணைத் திறந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. ஆகவே புஷ்பவதி சொன்னாள்.

ஆவணிப் பெருநாளில், சிலை தூக்கிப் போகும் சுரூபப் பவனிக்கு முன்னால் பங்குக் கொடியைப் பிடித்துக்கொண்டு போனவர் சோமசேகரம். கடைத்தெரு, கடற்கரை, துறைமுக வீதி என்று ஊரைச் சுற்றி வந்து கோயில் வாசலில் நின்றபோது, பற்றிக் கிட்ட வந்து காதுக்குள், "சேர், சிப்," என்று சொன்னார். அவ்வளவுதான். தான் ஊர் முழுக்கக் காற்சட்டைச் சிப் திறந்தபடி நடக்கும்வரை பார்த்துச் சிரித்துவிட்டுக் கடைசியில் வந்து சொன்னான் என்று, அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

பற்றிக் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். "சேர், நான் உங்களுக்குப் பின்னால சுரூபம் தூக்கிக்கொண்டெல்லோ வந்தனான். பின்னால வாறவனுக்கு முன்பக்கம் எப்பிடித் தெரியும்? வாசல்ல நீங்கள் திரும்பின பிறகுதான் கண்டனான்."

பாதர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை விட்டவர் நெடுநேரம் எடுக்கவில்லை. டினேஷ் இருமினான். பிறகு பற்றிக்கின் பக்கம் திரும்பி, "ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி, அண்ணே. சீலா அக்காவையும் நேரத்துக்கு வெளிக்கிடச் சொல்லுங்கோ," என்றான்.

பற்றிக் தலையை ஆட்டினார்.

சோமசேகரம் இன்னும் தோற்கவில்லை. ஒரு சகோதரனைச் சகோதரன் இப்படி அவமானப்படுத்தலாமோ என்று பாதரைக் கேட்டார். குறை கண்டால் தனியே கூப்பிட்டுச் சொல்லத்தான் வேதத்தில் இருக்கிறது, பற்றிக் காதுக்குள்தானே சொன்னார் என்றார் பாதர். குறை இருந்தால் அல்லவா சொல்வதற்கு என்றார் சோமசேகரம். அன்றைக்குத் தன் காற்சட்டையில் ஒரு குறையும் இருக்கவில்லை என்றும், பற்றிக் கண் தெரியாமல் வீண்பழி சொன்னவர் என்றும், தான் மன்னித்தது அந்தப் பொய்யைத்தான் என்றும், அதிபர் குரலில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

அன்றைக்குச் சிப் திறந்துதான் இருந்தது.