பால்கனி வைத்த அறை

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: கப்பல் நிற்கும் ஆறு துறைமுகங்களின் சுற்றுலாப் பட்டியலையும் வண்ணத்தில் அச்சிட்டு வைத்திருந்த அப்பா, இலை எந்த வாரம் சிவக்கும் என்று ஒரு வருடம் முன்பே முடிவு செய்துவிட்ட அம்மா, சக்கர நாற்காலியில் எங்களோடு வசிக்கும் அப்பாவின் அக்கா லொரெய்ன், கிடங்கில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த நான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்குக் கணினியில் டூர் பதிவு செய்யப் பொத்தான் அழுத்தவாவது தெரியும் என்று அப்பா நம்பினார்.

டொலீடோவில் எங்கள் வீட்டு முன்னாலேயே ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் சிவக்கும். அப்பா திட்டிக்கொண்டே அந்த இலைகளைப் பக்கத்து வீட்டு எல்லைக்குத் தள்ளிவிடுவார். அதே இலையைப் பார்க்கத்தான் பாஸ்டனில் கப்பல் ஏறி கனடா வரை போகிறார்கள். ஒவ்வொரு சுற்றுலாவுக்குப் பக்கத்திலும் நடக்கும் மனிதன் படம் போட்டிருந்தது. ஒருவன் என்றால் சுலபம், மூன்று பேர் என்றால் கஷ்டம். அம்மா ஒருவனைத் தாண்டவில்லை. எல்லா ஊரிலும் பஸ், எல்லா பஸ்ஸிலும் ஜன்னலோரம், முடிவில் சிங்கி இறால்.

பட்டியலில் பார் ஹார்பர் துறைமுகம் வந்ததும் அத்தை நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளினாள். அங்கே ஆல்டன் இருக்கிறார். பதினோரு வருடம் கல்யாணம் செய்துகொள்ளாமல் அத்தையோடு வாழ்ந்தவர். பக்கவாதத்தில் பேச்சு போனதும் அவருடைய மகன் வந்து கூட்டிப் போய்விட்டான். போன் செய்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அத்தை இந்தக் கப்பலுக்குச் சம்மதித்ததே அவரைப் பார்க்கத்தான்.

"எனக்கு டூர் எதுவும் வேணாம், க்ளென். கரையில எறக்கி விட்டாப் போதும். அவன் மகன் வண்டியோட வந்து நிப்பான்."

"அங்க கப்பல் கரைக்கு வராதுக்கா," என்றார் அப்பா. " சின்ன படகுல மாறணும். அலை அடிச்சா நாற்காலிய ஏத்த மாட்டாங்க."

"அடிக்கலன்னா ஏத்துவாங்கல்ல?"

"எங்க பஸ் எட்டரைக்கு. உன்கூட யாரு நிக்கிறது?"

"கப்பல்லயே பிங்கோ வெளையாட்டு இருக்கு, அண்ணி," என்றாள் அம்மா. "பால்கனியில உக்காந்தா ஊரே தெரியும்."

"ஆல்டன் தெரிவானா?"

அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அந்தப் பால்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் இருந்தால் இரண்டு மடங்கு பெரிய அறை, அதே விலை. கப்பல் ஏறும் வரிசையிலும் முதலிடம். மற்ற நாட்களில் அத்தையை மருந்துக் கடைக்குக்கூட கூட்டிப் போகாதவர்கள் இவர்கள்.

"அத்தை வரலன்னா அந்த ரூம் கெடைக்காதுல்லப்பா?" என்றேன்.

"வாய மூடிட்டு அழுத்துடா."

அழுத்தினேன். மலைமேல் போகும் பஸ், இரண்டு பேர். வேறென்ன பெரிதாகச் செய்துவிட்டேன் நான்.

கடைசியாக ஒரு படிவம். அந்தப் பெரிய அறை தேவைப்படும் சக்கர நாற்காலிக்காரர் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் அறை காத்திருப்போருக்குப் போய்விடும். அச்சிட்டுக் கொடுத்தேன். அப்பா அதன்மேல் பேனாவை வைத்து அத்தை பக்கம் நகர்த்தினார். அவள் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பித் தன் அறைக்கு உருட்டிப் போனாள்.

"அக்கா, மணி நாலாகுது."

"படகுலேர்ந்து என்னை யாரு எறக்குறதுன்னு பேசி முடிச்சிட்டுக் கதவத் தட்டு."

அப்பா எழுவதற்குள் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டு இரண்டு முறை திரும்பியது.