மடித்த கப்பலின் விடை

ஹோபார்ட் துறைமுகத்துப் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில்தான் திமிங்கலப் பல் சங்கம் கூடும். உறுப்பினர்கள் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. முகம் காட்டுகிறவர் பாஸ்கோ அம்மையார் மட்டும்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்ப் போட்டி வைப்பார்கள். ஜெயிக்கும் ஜோடியின் பள்ளிச் செலவு முழுவதையும் சங்கமே ஏற்றுக்கொள்ளும்.

நானும் லோசாவும் இரண்டு சுற்றுகள் தாண்டி இறுதிக்கு வந்திருந்தோம். லோசா எங்கள் தெருக்கோடியில், டோங்கா தீவிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பெண். அவள் அம்மா மீன் ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்த்தார். நாங்கள் ஜெயித்தால் ஒரு ஷிப்டை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை, பூட்டிய பெட்டியிலிருந்து ஆளுக்கொரு தாள் எடுத்துக் கொடுத்தார்கள். தாள் முழுக்கச் சிதறிய எழுத்துகள். மற்றவர்கள் தலைகீழாகத் திருப்பினார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். நான் கப்பலாக மடித்தேன். ஓரங்கள் சேர்ந்த இடத்தில் 'நங்கூரம்' என்று வந்தது.

"எப்படிடீ?" என்றாள் லோசா.

"தோணிச்சு."

பாஸ்கோ அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம். எங்க ஆளுங்களுக்கே இருபது ஆச்சு. காலையில இந்தப் பெட்டிகிட்ட யார் இருந்தது?"

வாசலில் நின்றவர் லோசாவைக் காட்டினார்.

"பஸ் சீக்கிரமே வந்துருச்சு. நான் சும்மாதான் உக்காந்திருந்தேன், தொடவே இல்ல" என்றாள் லோசா. அவள் பையை மேசையில் கொட்டினார்கள். தொப்பி, பாதி தின்ற வாழைப்பழக் கேக், பஸ் அட்டை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மணி நேரம் தர்றேன். உண்மை தெரிஞ்சவங்க வந்து சொல்லலாம்" என்றார் பாஸ்கோ அம்மையார்.

எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அப்பா சமையலறை மேசையில் இதே மாதிரி ஒரு தாளைக் கொடுத்து, மடிக்கச் சொல்லித்தந்தார். அன்றைய விடை 'மாலுமி'. பழைய பத்திரிகையில் பார்த்ததாகச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் படியிறங்கி ஓடினேன்.

அப்பா துறையோரம் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன கண்ணு, நங்கூரம்னு சரியா எழுதினியா?"

"நங்கூரம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து, கயிற்றில் கோத்த ஒரு சின்னத் திமிங்கலப் பல்லை எடுத்துக் காட்டினார். "பதினொரு வருஷமா சங்கத்துல இருக்கேன். உனக்காகத்தான் செஞ்சேன்."

"முதல் ரெண்டு சுற்று?"

அவர் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிறு காலைகளில் விளையாட்டுக்கென்று அவர் போட்ட புதிர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே!"

"நீ கெட்டிக்காரிதான்மா."

"அப்புறம் எதுக்குப்பா?"

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "மேல வாங்க. லோசா பையைக் கொட்டிப் பாத்தாங்கப்பா."

"சொன்னா எல்லாம் போயிடும், கண்ணு. கொஞ்சம் யோசி."

அவர் வரவில்லை. நான் தனியாக மாடியேறி, அப்பா செய்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

பாஸ்கோ அம்மையார் லோசாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பாவின் பெயர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. விதிப்படி எங்கள் ஜோடியும் வெளியேறியது. எங்களோடு இறுதிக்கு வந்திருந்த, கிளெனார்க்கி பகுதி இரட்டையர்கள் ஜெயித்தார்கள்.

லோசா தன் சாமான்களைத் தானே பைக்குள் வைத்தாள். நான் எடுத்து நீட்டிய தொப்பியை வாங்கவில்லை. படியில் கேட்டாள்: "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"உன்னைக் காட்டினப்பவே சந்தேகம் வந்துச்சு."

"பையைக் கொட்டுறதுக்கு முன்னாடியேவா?"

தலையாட்டினேன்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்ததைச் சொன்னேன். ஜெயித்துவிடலாம் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்ததைச் சொல்லவில்லை. லோசா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் எதிர்ப்பக்கமாக, சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன்.