பானெட்டில் ஒரு சாக்பீஸ் கோடு

“பின்னால என்ன பாரம் ஏத்துவீங்க சார்?” என்று கேட்டாள் வண்டிக் கணக்கெடுக்க வந்த பெண்.

பல் வைத்தியர் யோசித்தார். இரண்டு வருடங்களில் அந்தப் பெரிய பிக்கப் டிரக்கின் முதுகில் ஏறியது ஒரு பழைய மெத்தை மட்டும்தான்.

“பிடுங்கின பல்லுன்னு எழுதிக்கம்மா. ரொம்பக் கனம்,” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

வந்தவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். நாடு முழுக்க இப்படிக் கேட்கிறார்களாம். “சுரங்கப் பக்கம், வயல் பக்கமெல்லாம் இந்த வண்டிங்க நாள் பூரா உழைக்குது. இந்த மாதிரி தெருவுலதான் வீட்டுக்கு வீடு சும்மா நிக்குது. நீங்க ஏன் வாங்கினீங்க?”

“எதிர்வீட்டுல வாங்கினாங்க. அது பக்கத்துல என் கார் தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்.”

படிவத்தில் பானெட்டின் உயரமும் கேட்டிருந்தது. அவள் டேப்பைப் பிடித்து, முன்விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டாள். நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர். “என்னையும் அள,” என்று வந்து நின்றாள் நான்கு வயது மகள் வாலு.

“ஆடாம, பேசாம நில்லு. அப்பதான் சரியா வரும்,” என்று அவளையும் அளந்தாள் வந்தவள்.

கோட்டுக்கு ஒரு சாணுக்கு மேல் குறைந்தது.

“நீங்க ஓட்டுற சீட்டுல உக்காந்தா, முன்னால நிக்கிற இவ தெரிய மாட்டா சார்,” என்றாள் அந்தப் பெண் தணிந்த குரலில். அவர் தலையாட்டி வைத்தார்.

மறுநாள் காலை நேரமாகிவிட்டது. ஏறி, இன்ஜினைக் கிளப்பி, கியரில் கைவைத்தபோதுதான் ஏதோ குறைவதாகப் பட்டது. தெருவே கேட்க வாலு சொல்லும் டாட்டா இன்னும் வரவில்லை.

கண்ணாடியை இறக்கினார். “வாலு எங்கே?”

“உங்க பின்னாலயேதானே ஓடி வந்தா?” உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

பக்கக் கண்ணாடிகளில் யாரும் இல்லை. எதிரே பானெட் பளபளவென்று அகன்று கிடந்தது. அது முடிகிற இடத்தில் எதிர்வீட்டுக் கூரை தொடங்கியது. நடுவில் இருந்த தரை எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

“வாலு.”

கதவைத் திறந்தார்.

“கண்ணு, அப்பா கூப்பிடுறேன்ல.”

தூக்கத்தில்கூட வாய் மூடாத பிள்ளை. கிளப்பும்போது வண்டி ஒரு விரற்கடை நகர்ந்ததோ? நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. இறங்கினார். முன்பக்கம் போக நான்கு எட்டு. கதவைப் பிடித்தபடி நின்றார். குனிந்து சக்கரத்தடியில் பார்க்கலாம். குனிய முடியவில்லை. சூடான எண்ணெய் வாடை வந்தது. முதல் எட்டை எப்படி வைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

கோட்டுக்கு நேர் கீழே நின்றிருந்தாள். முதுகு வண்டியோடு ஒட்டியிருந்தது. கண்களை இறுக மூடி, உதட்டைக் கடித்து, குதிகாலைக் கொஞ்சமாகத் தூக்கியிருந்தாள்.

“அளந்துட்டியாப்பா?” என்றாள், உதடு அசையாமல்.

அவர் மண்டியிட்டு அவள் உச்சந்தலையில் கையை வைத்தார்.

“கை ஆடுதுப்பா. சரியா வை.”