பிறந்த வீட்டுக் கோடி

“பொறந்த வூட்டு ஆளுங்க பேரு போடணுமாண்ணே?”

போஸ்டர் அடிக்கும் கடைப்பெண் கேட்டாள். கம்ப்யூட்டர் திரையில் நர்மதா சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே கணவர் கலைவாணன் என்று மட்டும் இருந்தது. விடியற்காலையில் இறந்தவளைப் பெரம்பலூர் வீட்டில் கிடத்திவிட்டு அவன் வந்திருந்தான்.

அவளுக்குப் பிறந்த வீடு கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஊரைவிட்டு வந்த அவள் அம்மா, கணவன் பெயர் பஞ்சநாதன், மாமனார் அய்யாக்கண்ணு, ஊர் செந்துறைக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

நோய் என்று தெரிந்த பிறகு நர்மதா தேட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர், செந்துறை என்று கலைவாணன்தான் வண்டியில் கூட்டிப்போனான். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதியவர்கள், காதுகுத்து பேனரில் தாய்மாமன்கள் என்று எல்லாவற்றையும் படித்தாள். சுவரில் சாவு போஸ்டர் கண்டால் இறங்கிப் படம் எடுத்தாள். மற்றவர்கள் சினிமா போஸ்டர் பார்ப்பார்கள் என்று இவன் கிண்டல் செய்தான்.

“ரேஷன் கார்டுல உசுரோட இருக்குறவங்க பேருதான் இருக்கும். இதுல செத்தவங்களும் இருப்பாங்க,” என்றாள்.

கடைசியில் செந்துறைச் சுவரில் கிடைத்தது. அய்யாக்கண்ணு, முதலாம் ஆண்டு நினைவு. மகன்கள் தெய்வத்திரு பஞ்சநாதன், தமிழழகன். மகள் பஞ்சவர்ணம். கீழே போன் நம்பர். அன்று இரண்டு பரோட்டா தின்றாள். நம்பரைச் சித்தப்பா என்று பதிந்துகொண்டாள். ஆனால் பேசவில்லை. நிலத்தில் பங்கு கேட்டு வந்தவள் என்று நினைத்துவிடுவார்களாம்.

“போடுங்க,” என்றான் கலைவாணன். பெயர்களைச் சொன்னான்.

“அவங்கள கேட்டுட்டீங்களா?”

“கேக்கல. போடுங்க.”

சித்தப்பா நம்பருக்குப் போஸ்டர் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அவன் தம்பி அசோக் போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டு, ஒட்டுவதற்காகச் செந்துறைக்கு வண்டியை விட்டான்.

பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிப் புடவைதான் முதலில் மேலே விழவேண்டும். அதன் பிறகுதான் உடலை எடுப்பார்கள். வெயில் சாய ஆரம்பித்ததும் கலைவாணனின் அத்தை கலியம்மாள் அருகில் வந்தாள்.

“எவ்வளவு நேரம்டா போட்டு வெச்சிருப்ப? நானே ஒரு கோடி எடுத்தாந்து போட்டுர்றேன். அனாதப் புள்ளைக்கு யாரு வரப்போறா?”

“வருவாங்க.”

“சொன்னாங்களா?”

அவன் போனை எடுத்து இன்னொரு முறை பார்த்தான்.

சாவுச் சடங்குக்கு ஏற்பாடு செய்பவர் பாடையருகே எழுந்து நின்றார். அப்போது தெருமுனையில் குட்டியானை வண்டி ஒன்று திரும்பியது. பின்னால் இன்னொன்று. நின்றதும் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு குதித்தார்கள். வேட்டிக்காரர் ஒருவர் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டார். அதில் பச்சைப் புடவையும் மாலையும் இருந்தன.

கலியம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

“சம்பந்தி வூட்டுக் கோடி வருதுடா. மேளத்த எதுர போகச் சொல்லு.”

மேளம் தெருமுனைவரை போய் அவர்களை அழைத்து வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். பெண்களில் மூத்தவள் நேராகக் கலைவாணனிடம் வந்து சட்டையைப் பிடித்தாள். பஞ்சவர்ணமாகத்தான் இருக்கவேண்டும்.

“எங்க வூட்டுப் புள்ளடா. உசுரோட கொண்டாந்து காட்டணும்னு ஒனக்குத் தோணலயா?”

“தப்புதாங்க அத்த,” என்றான். காலையிலிருந்து அவன் குரல் முதன்முறையாக உரக்க வந்தது.

தாம்பாளத்தைச் சுமந்துவந்த தமிழழகன் புடவையை விரித்து நர்மதாவின் மேல் போட்டார். அடுத்துப் பங்காளி வீட்டுப் புடவைகள் ஒவ்வொன்றாக வந்தன. நீலம், அரக்கு, மஞ்சள். கலியம்மாள் கோடி வாங்கிக் கையில் வைத்திருந்த பை பிரிக்கப்படாமலே இருந்தது.

வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதவில்லை. கலைவாணன் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.