சிவப்புக் கோடு போட்ட வெள்ளம்

வானிலை அலுவலகத்தில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். சுட்டெரிக்கும் வெயிலிலும் குடையோடு வருவார். அவர் கணிப்பை நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

அன்று காலை, ஆற்றில் நீர்மட்டம் ஏறிய வேகத்தைப் பார்த்ததும் கணக்குப் போட்டார். மாலைக்குள் கரை தாண்டிவிடும். ஆற்றங்கரைத் தெருவுக்கு எச்சரிக்கை எழுதி அமைச்சகத்துக்கு அனுப்பினார். அரை மணியில் திரும்பி வந்தது. ‘வெள்ளம்’ என்ற சொல்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘நல்ல மழை’. உலகில் இனி வெள்ளமே வராது என்று கடவுள் வாக்குக் கொடுத்ததாகப் புனித நூலில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து நம்புகிற கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து, ஆறுகூட அமைச்சரைக் கேட்டுத்தான் பொங்க வேண்டும்.

அந்தத் தெருவில், தரைத்தளத்தில் அவருடைய அக்கா இருக்கிறாள். போன் போட்டார்.

“அக்கா, உடனே மாடிக்குப் போயிடு.”

“போடா. வெள்ளமே வராதுன்னு மந்திரி சொல்லிட்டாரு. போன வாரம் மழைன்னு சொன்ன, நான் துணியே துவைக்கல. வெயில் மண்டையப் பொளந்துச்சு!”

போனை வைத்ததும் அமைச்சரே கூப்பிட்டார்.

“தம்பி, எங்கம்மாவும் நீ எழுதின அதே தெருதான். நான் அவங்கள நகத்தலையே? அதுதான் நம்பிக்கை.”

பொய்யன் என்றால் திட்டிவிடலாம். இந்த மனுஷன் நிஜமாகவே நம்புகிறான்! பெற்ற தாயைப் பணயம் வைக்கவே இவனுக்கு உரிமை கிடையாது. என் அக்காவை வைக்க எவன் கொடுத்தான்? கேள்வி தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால், “சரிங்க சார்.”

பன்னிரண்டு மணிக்கு வானொலியில் அறிக்கையை நேரலையில் வாசிப்பது அவர் வேலை. சிவப்பு விளக்கு எரிந்தது. ‘நல்ல மழை’ என்ற தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இன்று மாலைக்குள் ஆற்றங்கரைத் தெருவில் வெள்ளம் வரும். வெள்ளம். அக்கா, ஒழுங்கா மாடிக்குப் போ. மந்திரி அம்மா, நீங்களும் போங்க. உங்க பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

வேலை போய்விட்டது என்று புரிந்து, குடையைத் தேடும்போது போன் அடித்தது.

“ஊருக்கே கேக்குற மாதிரியா என்னைத் திட்டுவ?” அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “மாடிக்கு வந்துட்டேன், போ.”

“மந்திரி அம்மா?”

“எனக்கு முன்னாடியே இங்க பெட்டியோட உக்காந்திருக்காங்க. காலையிலயே வந்துட்டாங்களாம். மகன்கிட்ட மட்டும் சொல்லிடாதன்றாங்க.”