கீழ் சிலிண்டர்

இப்போதெல்லாம் கண்ணாடிக்குள் முள் நகர்ந்தால்தான் எவனும் எதையும் நம்புகிறான். ஐம்பது வருஷம் மோட்டார் பிரித்தவன் சொன்னால் காதில் ஏறாது. மீட்டர் சொன்னால் தலையாட்டுகிறான். மீட்டரை மாட்டுகிறவனும் மனுஷன்தானே என்று ஒருத்தனுக்கும் தோன்றுவதில்லை.

கிழக்கு வெளுக்கும்போது நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நனைந்த கயிறு தோளை அறுத்தது. ஏற்றி முடித்தும் எவனும் படகில் ஏறவில்லை. மோட்டாரைச் சோதித்துக் காட்டினால்தான் போவோம் என்று சுக்கான்காரன் முந்தின நாளே முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். போன மாதம் முகத்துவாரத்தில் இதே மோட்டார் நின்று, படகு பாறையில் மோதி, அவன் மச்சானுக்கு ஒரு கால் போனது.

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய இரண்டு சிலிண்டர் மோட்டார். சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். பிளக் இரண்டையும் கழற்றி, பொறி வராமல் வயரை இரும்பில் மாட்டி, அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் மீட்டரைத் திருகி, கயிற்றை ஐந்தாறு தரம் இழுத்தேன். மேல் சிலிண்டர் நூற்றுப்பத்து. கீழது அறுபதைத் தாண்டவில்லை.

முதலாளி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கீழதுல ஒரு ஸ்பூன் ஆயில் விடுங்க பெரியவரே. அப்புறம் அவனுங்களக் கூப்பிட்டுக் காட்டலாம்."

ஆயில் விட்டால் தேய்ந்த பிஸ்டன் ரிங்கின் இடைவெளி அடைபடும், முள் ஏறும். கொஞ்ச நேரம் ஓடினால் ஆயில் எரிந்து பழைய கதைதான். போன மாதமும் அவர் இதையே சொன்னார். விட்டவன் நான்.

இந்தத் தரம் ஆயில் டப்பாவைத் தொடவில்லை. மீட்டரைக் கழற்றிவிட்டு, சுக்கான்காரனைக் கூப்பிட்டு, கீழ் சிலிண்டரின் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடச் சொன்னேன். கயிற்றை இழுத்தேன். விரல் அசையவில்லை. மேலதில் வைத்தான், விரலைத் துப்பித் தள்ளியது. போன மாதம் நான் செய்ததையும் சொன்னேன். என் சட்டையைப் பிடிக்கத்தான் கை நீட்டினான். பாதியில் அந்தக் கையைத் திருப்பி மற்ற மூவரையும் அழைத்தான். ஒவ்வொருத்தனும் விரல் வைத்துப் பார்த்தான்.

"ஏறுறவன் ஏறுங்கடா," என்றார் முதலாளி. "எனக்கு வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க, கூட்டிட்டு வாங்க," என்றான் சுக்கான்காரன். "அவங்களும் விரல வச்சுப் பாக்கட்டும். மொதல்ல நீங்க வைங்க."

முதலாளி இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஏற்றிய வலையை நாலு பேரும் இறக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் படகும் அதே முதலாளியுடையதுதான். அதில் ஏற இருந்தவர்கள் வந்து வலைக்குத் தோள் கொடுத்தார்கள். இந்த மோட்டாருக்குப் புது ரிங் போடும்வரை தங்கள் படகும் போகாது என்றார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதைவிடப் பெரிய கூட்டம் வீட்டில் அடுப்பு அணைந்ததும் கலைந்ததைப் பார்த்தவன் நான். பெட்டியை மூடிப் புறப்பட்டேன். சுக்கான்காரன் பின்னால் வந்தான்.

"பிளக் ஸ்பேனர விட்டுட்டுப் போங்க," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "பக்கத்துப் படகு மோட்டாரையும் பாக்கணும்."

கொடுத்தேன். திரும்பி வராது என்று தெரியும். மணலில் கொஞ்ச தூரம் நடந்ததும் பின்னால் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. மத்தியானம்வரை தாங்குவார்கள். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம்தான்.